பொதிகைக்குப் போவதற்கு முன்

அன்புள்ள செண்பகம்,

உன் கடிதம் வந்தது. அண்ணனுக்கு சுகர் கட்டுக்குள் வந்துவிட்டது என்று படித்ததும்தான் மனசு ஆறியது. இங்கே எல்லாரும் சுகம். பிசான நெல் நடவு முடிந்து வயலெல்லாம் பச்சை. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் கரை தொட்டு ஓடுகிறது.

ஜனவரியில் அகத்தியமலை ஏறலாமா, ரொம்பக் குளிருமா என்று கேட்டிருக்கிறாய். குளிர் கிடக்கட்டும், அந்த மலையில் முதலில் கேட்க வேண்டியது மழையை.

செங்கோட்டைக் கணவாயில் தாழ்ந்துபோகும் மலைத்தொடர் அதற்குத் தெற்கே மறுபடி எழும்புகிறது இல்லையா, அங்கேதான் பொதிகை என்கிற இந்த அகத்தியமலை, 1,868 மீட்டர். தொட்டபெட்டாவும் ஆனைமுடியும் இதைவிட உயரம். ஆனால் இது நிற்கிற இடம் அப்படி! ஜூனில் தென்மேற்குக் காற்று கேரளச் சரிவில் மோதிக் கொட்டுகிறது, மிச்சம் முகட்டைத் தாண்டி நம் பக்கமும் வருகிறது. அக்டோபரில் காற்று திரும்பியதும் நம் சரிவின் முறை. அந்த மாதங்களில் மாஞ்சோலைக்கு மேலே இருக்கிற ஊத்தும் நாலுமுக்கும் மழைப் பட்டியலில் அடிக்கடி முதலில் வருவதை நீயே பேப்பரில் பார்த்திருப்பாய். இடையில் கோடை இடிமழை வேறு. காடு காய்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் கொஞ்சம்தான். அதனால்தான் அங்கே வெடிப்பலா மரமும் அதை நம்பி வாழும் சிங்கவால் குரங்கும் இருக்கின்றன. செங்குறிஞ்சி மரம் உலகத்திலேயே அந்தக் கணவாய்க்குத் தெற்கே உள்ள காடுகளில் மட்டும்தான் வளர்கிறது.

நம் அப்பாக்கள் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைவித்தார்களே, அது இந்த இரண்டு மழையின் கணக்கு. முதல் மழையில் கார், இரண்டாவதில் பிசானம். இத்தனை வருஷம் தாமிரபரணித் தண்ணீரைக் குடித்துவிட்டு அது பிறக்கிற மலையைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். 1855-இல் ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அந்த உச்சியில் ஓர் ஆய்வகம் கட்டினார். திருவிதாங்கூர் மகாராஜாவின் வானாய்வகத்துக்குத் தலைவர் அவர். திருவனந்தபுரத்திலும் மலை உச்சியிலும் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது திட்டம். யானைக்காட்டின் வழியே கருவிகளைச் சுமந்து ஏற்றிய கூலியாட்களை நினைத்தால்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது. அவர்கள் பெயர் யாருக்குத் தெரியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வடகிழக்குப் பருவம் ஓய்ந்த பிறகு கேரள வனத்துறை போணக்காடு வழியாக ஆட்களை அனுப்புகிறது. முதல் நாள் அதிருமலை முகாம், மறுநாள் உச்சி. கடைசிப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும். சமவெளியைவிடப் பன்னிரண்டு டிகிரி போலக் குறைவாக இருக்கும். காற்றும் பலம், மேலே மரங்களே அதற்குப் பயந்து குட்டையாகத்தான் நிற்கின்றன. கம்பளியைவிடக் காற்று புகாத சட்டை முக்கியம். 2019-இலிருந்து பெண்களும் போகலாம். நம் இளவயதில் இது இல்லை, செண்பகம். அந்த ஆதங்கம் எனக்கு இன்னும் இருக்கிறது.

நம் தமிழ்நாட்டுப் பக்கத்துப் பாதையையும் திறந்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதில் மட்டும் உன்னோடு நான் ஒத்துப்போக மாட்டேன். தாமிரபரணி பிறக்கிற பூங்குளம் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அங்கே கூட்டம் போனால் பிளாஸ்டிக்கும் போகும், நம் குழாயில்தான் வந்து இறங்கும். அது முண்டந்துறைப் புலிகளின் இடமாகவே இருக்கட்டும். நாம் கொஞ்சம் சுற்றித்தான் போவோமே.

முன்பதிவு திறந்தால் இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். உன் அடையாள அட்டை நகலை அனுப்பிவை. முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது என்று மறைக்காமல் எழுது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுப்பேன்.

அன்புடன்,
கோமதி
அம்பாசமுத்திரம்