மீட்டரைக் கழற்றிவிட்டுப் பார்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டுப் பூச்சு வேலை ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். என் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் பாடம் கேட்க வருகிறாள். எலக்ட்ரிக்கல், இரண்டாம் ஆண்டு.

நேற்று வீட்ஸ்டோன் பிரிட்ஜ் கணக்கோடு வந்தாள்; நான்கு ரெசிஸ்டர்களும் நடுவே ஒரு மீட்டரும் உள்ள சுற்று. சப்ளை 10 வோல்ட். இடப்பக்கம் மேலே 100 ஓம், கீழே 100. வலப்பக்கம் மேலே 100, கீழே 300. இரண்டு பக்கத்து நடுப்புள்ளிகளுக்கும் இடையில், சிறு கரண்டையும் காட்டும் 125 ஓம் கால்வனோமீட்டர். அதில் ஓடும் கரண்ட் எவ்வளவு? சுற்றை மூன்று மெஷ்ஷாக, அதாவது மூடிய வளையங்களாகப் பிரித்து, மூன்று சமன்பாடு எழுதி, எங்கோ ஒரு மைனஸ் குறியை விட்டுவிட்டுக் கண் கலங்கி உட்கார்ந்திருந்தாள். நம் ஹாஸ்டல் ராத்திரிகள் ஞாபகத்துக்கு வந்தன.

"மீட்டரைக் கழற்றிவிடு" என்றேன். கழற்றியதும் இரண்டு பக்கமும் தனித்தனி. இடது நடுப்புள்ளியில் 5 வோல்ட், வலதில் 7.5. வித்தியாசம் 2.5. அப்புறம் பேட்டரியை எடுத்துவிட்டு அந்த இடத்தை ஷார்ட் செய்து, மீட்டர் இருந்த முனைகளிலிருந்து பார்த்தால் இடப்பக்கத்து 100-ம் 100-ம் இணையாகி 50 ஓம், வலப்பக்கத்து 100-ம் 300-ம் இணையாகி 75 ஓம்; இவை இரண்டும் தொடராக நிற்கின்றன, ஆக 125. இப்போது மீட்டரை மாட்டு. 2.5 வோல்ட், மொத்தம் 250 ஓம், 10 மில்லி ஆம்பியர். சமன்பாடே இல்லை!

இதுதான் தெவெனின் தேற்றம். தெவெனின் பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர்; இதை 1883-இல் வெளியிட்டார். ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1853-லேயே சொல்லியிருந்தார் என்பதையும் அவளிடம் சொன்னேன், அந்த மனிதருக்கும் உரியது சேர வேண்டும் அல்லவா. எல்லா முனைகளின் வோல்டேஜும் வேண்டுமென்றால் ஒவ்வொரு சந்திப்பிலும் கரண்ட் சமன்பாடு எழுதும் நோடல் முறைதான் சரி, சுற்றுகளைக் கணினியில் கணிக்கும் ஸ்பைஸ் மென்பொருளும் அதன் வழியில்தான் போகிறது. ஆனால் நமக்கு வேண்டியது ஒரே ஒரு கிளையின் கரண்ட் என்றால் ஏன் முழுச் சுற்றையும் சுமக்க வேண்டும்? நம் வகுப்பில் இதை வெறும் தேற்றமாக எழுதிப்போட்டார்கள், எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

"மீட்டர் 375 ஓமாக இருந்தால்?" என்று கேட்டேன். நான் பேனாவை எடுப்பதற்குள் "5 மில்லி ஆம்பியர்" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வரும்போது உன்னிடமுள்ள பழைய கால்வனோமீட்டரைக் கொண்டு வா. முள் அசைவதை அவள் நேரில் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச் தோழன்