கோணேசர் மலைக்கு அரை மணித்தியாலம் போதுமா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழில் திருகோணமலைச் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை வாசித்தேன். நிலாவெளிக்கு இரண்டு பந்தி, புறாத்தீவுக்கு ஒரு பந்தி, கன்னியா வெந்நீரூற்றுக்கு அரைப் பந்தி. கடலோரத்தில் கோணேசர் கோயிலைச் சுமந்து நிற்கும் எங்கள் கோணேசர் மலைக்கு ஒரேயொரு வரி: மலை என்று சொல்லுமளவுக்கு உயரமில்லை, வாகனம் மேலேவரை போகும், அரை மணித்தியாலம் போதும்.

உயரமில்லை, சரி. சில நூறு அடிதான். சிவனொளிபாத மலைக்கும் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 2243 மீற்றர். இரண்டு தடவையும் இறங்கி வந்து ஒரு கிழமை படி ஏற முடியாமல் கிடந்தேன். அது வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை செய்கிற நேர்த்தி. கோணேசர் மலை அப்படியா? விடிய ஐந்தரைக்கு வீட்டில் தேத்தண்ணி குடித்துவிட்டுப் புறப்பட்டால், ஏறி, கும்பிட்டு, இறங்கி, வரும் வழியில் மரக்கறியும் வாங்கிக்கொண்டு வந்து சமைக்கலாம். முப்பத்தைந்து வருடமாக அப்படித்தான் ஏறுகிறேன். அதன் அருமையே அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

என் கணவருக்கு மாரடைப்பு வந்து சத்திரசிகிச்சை முடிந்தபோது, நடக்கச் சொன்னார் வைத்தியர். முதல் கிழமை மலையடியிலுள்ள கோட்டை வாசல் மட்டும். அங்கே நின்று மூச்சு வாங்கிவிட்டுத் திரும்புவோம். அடுத்தது புள்ளிமான்கள் படுத்திருக்கும் மர நிழல். அதற்குப் பிறகு ஏற்றம் தொடங்கும் இடம், முதல் வளைவு, அடுத்த வளைவு. மூன்றாம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் படியில் கால் வைத்தார். அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவின் பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தபடி நின்றார். நேர் கீழே கரும்பச்சைத் தண்ணீர், பாறையில் அடித்து வெள்ளையாகச் சிதறிக்கொண்டிருந்தது. இதை அரை மணித்தியாலத்தில் எப்படிப் பார்ப்பது என்று கட்டுரையாளர் எனக்குச் சொல்லவேண்டும்.

வாகனத்தில் போனால் கோட்டை வாசல் தெரியாது. அந்த வாசல் வளைவில் இணைக்கயல், அதாவது இரட்டை மீன், பொறித்த கல்லொன்று பதித்திருக்கிறது. நடந்து வருகிறவர் கண்ணில்தான் அது படும். சம்பந்தர் பாடிய கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்து, அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. ஆனாலும் சில வருடங்களுக்கு முன் தங்கள் பத்திரிகையிலேயே, ஒல்லாந்தர் கட்டிய கோட்டை என்று வந்தது. அப்போதும் எழுதினேன். ஒல்லாந்தர் பிறகு வந்தவர்கள், ஆங்கிலேயர் 1795இல் பிடித்தார்கள் என்று ஆண்டோடு எழுதினேன். அந்தக் கடிதம் வரவில்லை, திருத்தமும் வரவில்லை. நான் அதை மனதில் வைத்திருக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

நடந்தால் ஒரு பக்கம் டச்சுக் குடா, மறுபக்கம் உப்புவெளிப் பக்கமாக வளைந்து போகும் கரை. ஏற ஏற இரண்டும் அகன்றுகொண்டே போகும். பங்குனி மாதத்து விடியல் ஒன்றில், தூரத்தில் கடலிலிருந்து வெள்ளையாக ஏதோ எழும்பி அடங்கியது. அலை என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் கச்சான் விற்கிற அம்மா, "அது திமிங்கிலம், ரீச்சர். கொஞ்சம் பொறுங்கோ, திரும்ப ஊதும்" என்றார். பொறுத்தோம். திரும்ப ஊதியது. உங்கள் கட்டுரையில் திமிங்கிலம் பார்க்கப் படகுக்குக் காசு கட்டச் சொல்லியிருக்கிறது. மலையில் நின்றும் பார்க்கலாம் என்று ஒரு சொல் இல்லை.

இப்படி எழுதினால் என்ன நடக்கும்? எல்லோரும் வான் வண்டியில்தான் வருவார்கள். போன மாதம் இரண்டாவது வளைவில் ஒரு வான் கோர்ன் அடித்துக்கொண்டு வந்த வேகத்தில், என் கணவர் ஓரத்துக்கு ஒதுங்கிக் கால் தடுமாறி விழப்பார்த்தார். இருந்து ஆறுவதற்கு அந்த இடத்தில் ஒரு வாங்குகூட இல்லை. வெறும் மண்ணில் இருத்தி நெஞ்சைத் தடவிவிட்டேன். வானிலிருந்து யாரோ எறிந்த பொலித்தீன் பையை அன்றும் ஒரு மான் மென்றுகொண்டு நின்றது. அதன் வாயிலிருந்து இழுத்தெடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். யுத்த காலத்தில் அடையாள அட்டையைக் காட்டிக் காட்டி ஏறிய மலை இது, ஐயா. அப்போதுகூட இப்படி ஒதுங்கி நிற்க வரவில்லை.

தங்கள் பத்திரிகையை என் தகப்பனார் காலத்திலிருந்து எடுக்கிறோம். அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு, இயன்றவர்கள் கோட்டை வாசலில் இறங்கி நடந்து ஏறலாம், முதியவர்களுக்கும் ஏலாதவர்களுக்கும் வாகனத்தை விடுங்கள் என்று இரண்டு வரி போடுங்கள். இடமிருந்தால், இரண்டாவது வளைவில் ஒரு வாங்கு வேண்டும் என்பதையும் சேர்த்துவிடுங்கள். பொறுப்பானவர்கள் யாராவது வாசிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
திருகோணமலை.