வீணாகவில்லை, மீனாட்சி

அன்புள்ள மீனாட்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று எழுதிய கையோடு, கார்த்திக் மறுபடி போதைக்காக வலி மாத்திரைக்குப் போய்விட்டதையும் எழுதியிருக்கிறாய். பட்ட பாடெல்லாம் வீண் என்கிறாய். போதை மீட்பு வார்டில் இந்தப் பிள்ளைகளோடு காலம் கழித்தவள் சொல்கிறேன், வீணாகவில்லை.

முதலில் உயிர் தொடர்பானது. மாதக்கணக்கில் விட்டிருந்த உடம்புக்குப் பழைய தாங்குதிறன் இருக்காது. அன்று போட்ட அதே அளவை இன்று போட்டால் மூச்சே நின்றுவிடலாம். வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய முதல் வாரங்களில் சாவுகள் கூடுவது இதனால்தான். அண்ணனிடம் சொல்: எவ்வளவு கோபம் இருந்தாலும் அவனை வீட்டைவிட்டு அனுப்பக் கூடாது. கதவைத் தாழிட்டுக்கொண்டு தனியே கிடக்கவும் விடக் கூடாது. எழுப்பியும் எழாமல், மூச்சு மந்தமாகி, உதடு நீலம் பாரித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். அவனை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

நன்றாகத்தானே இருந்தான், ஏன் இப்படி என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவில் ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இதை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரு முறை சறுக்குவது வேறு, முழுதாகப் பழைய நிலைக்குப் போவது வேறு என்றார். சறுக்கியவனைக் கீழே தள்ளுவது, ‘இனி என்ன, எல்லாம் போயிற்று’ என்று அவனுக்குள் எழும் எண்ணம். அவமானம் தாங்காமல், அதை மறக்கவே மறுபடி போடுகிறான். அவன் காதுபட நீங்களும் அதையே சொன்னால் அவன் எதைப் பிடித்துக்கொண்டு எழுவான்?

இன்னொன்று. வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்பவர் 1970களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பியபின் பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. இடமும் கூட்டாளிகளும் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். கார்த்திக்கோ அதே தெருவுக்கு, போனில் இருக்கும் அதே எண்களுக்குத் திரும்பினான். கல்யாண வீட்டில் பழைய கூட்டத்தைப் பார்த்த அன்றுதான் தொடங்கியது என்கிறாயே, அதை அவனோடு உட்கார்ந்து பேசு. யார் அழைத்தார்கள், முந்தின இரவு தூங்கினானா, பணம் எங்கிருந்து வந்தது? திட்டாமல் கேட்டால் சொல்வான். அடுத்த முறை எங்கே காவல் வேண்டும் என்பது அந்தப் பதில்களில் தெரியும்.

மருத்துவர் புப்ரெனார்ஃபின் எழுதிக்கொடுத்தால் மறுக்காதீர்கள். நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரை. ஏக்கத்தையும் குறைக்கும், சாவையும் குறைக்கும். ஒரு போதைக்கு இன்னொரு போதையா என்று உறவினர்கள் கேட்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும். மருந்தை அவசரமாக நிறுத்தியதால் திரும்பி வந்த பிள்ளைகளை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். பத்தே நாளில் குணப்படுத்துகிறோம் என்று சொல்லி, கட்டிவைத்து அடிக்கும் இடங்களுக்கு மட்டும் அவனை அனுப்பிவிடாதே. பக்கத்தில் அரசு சிகிச்சை மையம் எங்கே என்று 14446 என்ற உதவி எண்ணில் கேட்கலாம், கட்டணமில்லை.

என் முழங்கால் இப்போது பரவாயில்லை, மாடி ஏறுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். என்னோடு பேசச் சம்மதமா என்று கார்த்திக்கிடம் கேட்டுவை. மாட்டேன் என்றாலும் வருவேன், உன்னோடு இருக்க.

அன்புடன்,
சரோஜா