பாப்லர் மரத்துக்குக் குரல் தந்தவர்களுக்கு

போன சனிக்கிழமை, கிரீஸின் தெசலிப் பகுதியில் உள்ள வோலோஸ் துறைமுகத்தில் எங்கள் இசைநாடகம் முடிந்ததும் நன்றி சொல்ல மேடையேறினேன். அழுகை முட்டியதில் பாதிப் பேரைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன். கிரேக்க மொழியில் எழுதியதை அவர்களிடம் கொடுத்தாயிற்று. இது, பணம் அனுப்பி உதவிய தமிழ் நண்பர்களும் படிக்க.

கதை இந்தத் தெசலி மண்ணுடையது. டிமீட்டர் தேவியின் தோப்பில், விருந்து மண்டபத்துக்குக் கூரை போட மரம் வெட்டுகிறான் எரிசிக்தோன். தீராப் பசியைச் சாபமாக வாங்குகிறான். கி.மு. 3ஆம் நூற்றாண்டுக் கவிஞர் கல்லிமாக்கஸ், முதல் வெட்டு வாங்கிய பாப்லர் மரம் மற்ற மரங்களை நோக்கித் துயர 'மெலோஸ்' எழுப்பியது என்கிறார். மெலோஸ் என்றால் பாட்டு. அதைச் சொல் சொல்லாகப் பிரித்துக் காட்டிய ஓய்வுபெற்ற ஆசிரியரே, நாடகம் பிறந்தது அன்றுதான்.

ஆனால் மரம் எப்படிப் பாடும்? மூன்று மெட்டுகள் போட்டேன், ஒன்றும் ஒட்டவில்லை. அப்புறம்தான் கார்லா ஏரிப் பக்கத்துப் பாட்டியம்மாவைப் பார்த்தேன். விவசாயத்துக்காக 1962இல் வற்றவைத்த ஏரி அது. 2023 செப்டம்பரில் டேனியல் புயல் வந்தபோது பெலியன் மலையின் ஸகோராவில் ஒரே நாளில் 750 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஏரி தன் பழைய இடத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டது, பாட்டியம்மாவின் பருத்தி வயலையும் சேர்த்து. கணவருக்குப் பாடிய மிரோலோயை, அதாவது ஒப்பாரியை, அந்த வயலுக்கும் பாடினாராம். எனக்காக இன்னொரு முறை பாடினார். பாப்லரின் பாட்டு அதுதான். ஒரு சுரம்கூட நான் மாற்றவில்லை. மூச்சுவிடும் இடம்கூடத் தப்பாமல் கூடவே வாசித்த கிளாரினெட் அண்ணாவுக்கும் நன்றி.

முதலில் பேசியிருந்த அரங்கம் கடைசி வாரத்தில் கைவிரித்துவிட்டது. சரி, துறைமுகத்திலேயே நடத்துங்கள் என்று மின்சாரமும் நாற்காலிகளும் தந்தவர்கள் கரையோர உணவகக்காரர்கள். 2024 ஆகஸ்ட்டில் ஏரி மீன்கள் கடலுக்கு அடித்துவரப்பட்டு, உப்புநீரில் செத்து, 100 டன்னுக்கு மேல் இங்கே ஒதுங்கியபோது வியாபாரம் இழந்தவர்கள் அவர்கள்.

எரிசிக்தோன் "இன்னும், இன்னும்" என்று பாடும்போது மீனவர்கள் வெறும் வலைகளை இழுத்துவந்து அவன் காலடியில் போட்டார்களே, அது ஒத்திகையில் இல்லை. அவர்களாகவே செய்தது. கோரஸ் ஒரு கணம் நின்றே போனது. அந்தக் கணத்துக்காக உங்கள் எல்லோர் கையையும் பிடித்துக்கொள்கிறேன்.

பாட்டியம்மா, நாளை மறுநாள் வருகிறேன். உங்கள் குரலைப் பதிந்ததன் ஒரு பிரதி உங்கள் பேத்திக்கு.