செயலாளர் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இந்த வருடம் நம்மை அதிகம் யோசிக்க வைத்த விஷயத்துக்கு நேராக வருகிறேன்: மாணவர்கள் பாடத்தின் பகுதியாக ஊராருக்கு வேலை செய்து கொடுத்தபடியே கற்கும் சேவைவழிக் கற்றல்.

முந்தைய மாணவர் குழு ஒரு கிராமத்தின் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் கருவியைப் பொருத்தியிருந்தது. செமஸ்டர் முடிந்தது, மதிப்பெண் வந்தது, மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அப்புறம் சென்சார் பழுதானது. எந்த வயர் எங்கே போகிறது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நாங்கள் போனபோது, தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் பழையபடி ஏணியில் ஏறி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படவில்லை. "அடுத்து வர்றவங்க எனக்கும் கத்துக்குடுத்துட்டுப் போகட்டும் தம்பி" என்றார்.

சேவைவழிக் கற்றலுக்கு அமெரிக்கக் கல்வியாளர் ராபர்ட் சிக்மன் 1979-ல் மூன்று நெறிகளை வகுத்தார். என்ன சேவை வேண்டும் என்பது அதைப் பெறுபவர்களின் கையில் இருக்க வேண்டும் என்பது முதலாவது. அவர்கள் அதனால் இன்னும் திறன் பெற வேண்டும் என்பது அடுத்தது. பெரியவர் கேட்டது அதைத்தான்.

ஆகவே இறுதியாண்டு மாணவர்களை மட்டும் வைத்துக் குழு அமைப்பதை நிறுத்தினோம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் 1995-ல் தொடங்கிய எபிக்ஸ் என்ற சேவைவழிக் கற்றல் திட்டத்தில் முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஒரே வேலை பல செமஸ்டர்கள் தொடரும். அந்த முறையை எடுத்துக்கொண்டோம். ஒவ்வொரு குழுவும் அடுத்து வரும் மாணவர்களுக்காக ஒப்படைப்பு நோட்டு ஒன்று எழுதுகிறது. கூட்டாளித் தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளருக்கு இதில் பெரிய நிம்மதி. வருடா வருடம் முதலிலிருந்து விளக்குவதிலேயே அவருடைய நேரம் போய்க்கொண்டிருந்தது.

ஒரு குழு செயலி உருவாக்கக் கிளம்பியது. மகளிர் குழுவினரோடு உட்கார்ந்து பேசியபோது, அவர்களுக்கு வேண்டியது கட்டம் பெரிதாக உள்ள கணக்கு நோட்டு என்று தெரிந்தது. அதையே வடிவமைத்துக் கொடுத்தார்கள். மதிப்பெண் குறையுமோ என்று பயந்தார்கள். என் பார்வையில் இந்த ஆண்டின் சிறந்த வேலை அதுதான்.

குறையும் உண்டு. தேர்வுக் காலத்தில் களப்பயணம் நின்றுபோனது. அதை ஊராருக்கு முன்கூட்டியே சொல்லாதது நம் தவறு.

தொட்டிக் கருவி இன்னும் சரியாகவில்லை. புதிய குழு முதலில் அங்கேதான் போகிறது. அந்தப் பெரியவரையும் குழு உறுப்பினராகச் சேர்த்திருக்கிறோம். இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்