காபி மக்கில் ஒரு ஓட்ஸ் கேக்

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிளாஸ்கோவில் டிசம்பர் மாதம் நாலு மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். படித்துக்கொண்டே இருந்துவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் பசி எடுத்தால் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரிக்காதே. உங்கள் பொதுச் சமையலறையில் மைக்ரோவேவ் இருக்கிறது. ஓட்ஸும் ஒரு முட்டையும் பாதி வாழைப்பழமும் இருந்தால் பத்து நிமிஷத்தில் ஒரு ஆளுக்குச் சூடான கேக் தயார். போனில் அளவை மட்டும் சொன்னேன், ஆனால் அளவு தெரிந்தால் மட்டும் இது சரியாக வராது. ரப்பராக இழுக்கும், இல்லையென்றால் மேலே வெந்து அடியில் மாவாகவே நிற்கும். அதனால் விவரமாக எழுதுகிறேன், ஒருமுறை முழுசாகப் படித்துவிட்டுச் செய்.

முதலில் ஓட்ஸ். அங்கே கடையில் 'ஓட்கேக்' என்று தேடினால் சீஸ் வைத்துச் சாப்பிடும் உப்பு பிஸ்கட்தான் கிடைக்கும், அது வேறு. 'போரிட்ஜ் ஓட்ஸ்' என்று போட்டிருக்கும் மெல்லிய அவல் போன்றதை வாங்கு. 'ஜம்போ' என்பது தடித்த அவல், சீக்கிரம் ஊறாது. 'பின்ஹெட்' என்பது ஓட்ஸ் அரிசியை இரண்டு மூன்றாக வெட்டிய நொய், ஒன்றரை நிமிஷத்தில் வேகவே வேகாது. நீ இருக்கும் ஊரில் இன்னொரு வசதி உண்டு. 'ஃபைன் ஓட்மீல்' என்று நைஸாக அரைத்த ஓட்ஸ் மாவே பாக்கெட்டில் வரும். அது கிடைத்தால் மிக்ஸியே வேண்டாம். கிடைக்காவிட்டால் போரிட்ஜ் ஓட்ஸைக் கனமான பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, கண்ணாடி பாட்டிலை வைத்து நன்றாக உருட்டு. கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தாலும் பரவாயில்லை, ஊறுவதற்கு மட்டும் கூடுதல் நேரம் கொடு. வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் சின்ன சாஷே ஓட்ஸில் சர்க்கரையும் சில சமயம் பால்பவுடரும் கலந்திருக்கும், இதற்கு அது சரிப்படாது.

இனி அளவு. ஓட்ஸ் மாவு 40 கிராம், அதாவது தலைதட்டி ஏழு டேபிள்ஸ்பூன். நன்றாகப் பழுத்த வாழைப்பழம் 50 கிராம், அங்கே கிடைக்கும் நீளப் பழத்தில் பாதி. மீடியம் சைஸ் முட்டை ஒன்று. பால் 30 மில்லி, இரண்டு டேபிள்ஸ்பூன். எண்ணெயோ உருக்கிய வெண்ணெயோ இரண்டு டீஸ்பூன். நாட்டுச்சர்க்கரை இரண்டு டீஸ்பூன். பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன். ஒரு சிட்டிகை உப்பு. பட்டைத்தூள் கால் டீஸ்பூன், அல்லது ஏலக்காய்த்தூளும் சுக்குத்தூளும் ஒவ்வொரு சிட்டிகை. ஊரிலிருந்து கொண்டுபோன நாட்டுச்சர்க்கரை தீர்ந்துவிட்டால் 'டார்க் மஸ்கவாடோ' வாங்கு, அந்த மணத்துக்குக் கிட்டே வருவது அதுதான்.

ஸ்பூன் விஷயத்தில் ஏமாந்துவிடாதே. அங்கே சாப்பாட்டு மேஜையில் இருக்கும் பெரிய ஸ்பூன் பெரும்பாலும் டெசர்ட் ஸ்பூன், அது பிடிப்பது 10 மில்லி. டேபிள்ஸ்பூன் என்றால் 15 மில்லி. டெசர்ட் ஸ்பூனால் ஏழு போட்டால் ஓட்ஸ் மூன்றில் ஒரு பங்கு குறைந்து, கேக் ஆம்லெட் போல ஆகிவிடும். அளவு ஸ்பூன் செட் ஒன்று வாங்கிவிடு. அதேபோல 'பைகார்பனேட் ஆஃப் சோடா' என்று டப்பாவில் இருப்பது நம் சமையல் சோடா. பேக்கிங் பவுடர் தனி டப்பா. இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கியிருப்பார்கள். அரை டீஸ்பூன் சோடாவை மாற்றிப் போட்டால் சோப்புக் கரைசலைக் குடித்த மாதிரி இருக்கும், அந்த மாவைக் காப்பாற்றவே முடியாது.

செய்முறையில் வரிசை முக்கியம். மக்கிலேயே பழத்தை முள்கரண்டியால் கூழாக மசி. முட்டையை அதில் உடைத்து, வெள்ளைக்கரு இழை இழையாகத் தெரியாத அளவுக்கு அடி. இதில் அவசரப்பட்டால் வெந்த கேக்கில் அங்கங்கே வெள்ளைத் திட்டு நிற்கும். பிறகு பால், எண்ணெய், சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள். கடைசியில் ஓட்ஸ் மாவு. அடியிலும் ஓரத்திலும் உலர்ந்த மாவு ஒட்டியிருக்கும், கரண்டியை அடிவரை விட்டுக் கிளறு. இப்போது தோசைமாவு பதத்தில் இருக்கும். பேக்கிங் பவுடரை இன்னும் போடாதே.

அப்படியே ஐந்து நிமிஷம் வைத்துவிடு. இந்த ஐந்து நிமிஷத்தைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கோதுமை மாவில் இருக்கும், மாவை இழுத்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதம் ஓட்ஸில் கிடையாது. கேக்கைத் தாங்கிப் பிடிப்பது முட்டையும், தண்ணீர் குடித்து வீங்கிய ஓட்ஸ் மாவுச்சத்தும் மட்டும்தான். அதோடு ஓட்ஸில் பீட்டா குளுக்கன் என்ற கரையும் நார்ச்சத்து இருக்கிறது. கஞ்சிக்கு அந்த வழவழப்பைக் கொடுப்பதும் அதுதான். அது மெதுவாகத்தான் தண்ணீரை இழுக்கும். ஊறாத மாவை உள்ளே வைத்தால், ஓட்ஸ் குடிப்பதற்குள் மைக்ரோவேவ் தண்ணீரை ஆவியாக்கிவிடும். ஓட்ஸ் மணலாகவும் முட்டை ரப்பராகவும் தனித்தனியே நிற்கும். ஐந்து நிமிஷம் கழித்துப் பார், தோசைமாவு இட்லிமாவாக மாறியிருக்கும். அதைவிடக் கெட்டியாகிக் கரண்டியில் உருண்டையாக ஒட்டினால் ஒரு டீஸ்பூன் பால் சேர்.

இப்போது பேக்கிங் பவுடரைத் தூவி, பத்துப் பன்னிரண்டு சுற்று கலக்கி, உடனே உள்ளே வை. ஈரம் பட்ட நொடியிலிருந்து அது வாயுவை விடத் தொடங்கிவிடும். முன்பே போட்டால் ஊறும் நேரத்தில் பாதி வீணாகப் போய்விடும். டப்பா பழசா என்று சந்தேகம் வந்தால், கொஞ்சம் வெந்நீரில் அரை டீஸ்பூன் போட்டுப் பார். புஸ்ஸென்று நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பேறித்தனமாக நாலு குமிழி வந்தால் டப்பாவைத் தூக்கிப் போடு.

மக் குறைந்தது 350 மில்லி பிடிக்க வேண்டும். இந்த மாவு அதில் பாதிக்குச் சற்று மேலே வரும், வேகும்போது விளிம்புவரை எழும்பிப் பிறகு அடங்கும். அதைவிடச் சின்ன மக் என்றால் வழிந்து தட்டெல்லாம் ஒட்டும், மற்றவர்களும் புழங்கும் அடுப்பில் அது நல்லதில்லை. உயரமாக ஒடுங்கிய மக்கைவிட அகலமானது மேல், சூப் கிண்ணம் இன்னும் மேல். மைக்ரோவேவ் சூடு உணவுக்குள் ஓரிரண்டு சென்டிமீட்டர்தான் வலுவாக இறங்கும். அதற்கு உள்ளே இருப்பது பக்கத்துச் சூடு பரவித்தான் வேக வேண்டும். ஒடுங்கிய மக்கில் நடு அடிப்பகுதி பச்சையாக நிற்பது இதனால்தான். தங்கக்கோடு போட்ட மக் வேண்டாம், பொறி பறக்கும். வீட்டிலிருந்து கொண்டுபோன எவர்சில்வர் டம்ளர் உள்ளே போகவே கூடாது. மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கிண்ணமும் ஆகாது. ஒரு மக்கைப் பற்றிச் சந்தேகம் இருந்தால் அதைக் காலியாக வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் வைத்து ஒரு நிமிஷம் ஓட்டு. தண்ணீர் சுட்டு, மக் குளிர்ச்சியாக இருந்தால் நல்ல மக். மக்கே சுட்டால் வேண்டாம்.

மக்கைச் சுழலும் தட்டின் நடுவில் வைக்காமல் ஓரமாக வை. மைக்ரோவேவ் உள்ளே சூடு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சூடான இடமும் குளிர்ந்த இடமும் சில சென்டிமீட்டர் இடைவெளியில் மாறி மாறி வரும். நடுவில் இருக்கும் மக் நின்ற இடத்திலேயே சுற்றும். ஓரத்தில் இருந்தால் இரண்டையும் கடந்து போகும், ஒரே சீராக வேகும்.

நேரம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம், அது உன் மைக்ரோவேவின் வாட்டைப் பொறுத்தது. அங்கே விற்கும் மைக்ரோவேவ் பலவற்றில் முன்பக்கத்தில் அலை போன்ற ஒரு குறியும், 700W, 800W என்று ஓர் எண்ணும், A முதல் E வரை ஓர் எழுத்தும் இருக்கும். எண் மொத்தச் சக்தி. எழுத்து, சின்ன அளவு உணவை எவ்வளவு வேகமாகச் சூடாக்கும் என்பதற்கு, E என்றால் மிக வேகம். நம் கேக் சின்ன அளவுதான், அதனால் எழுத்தையும் பார். 800 வாட்டில் 90 நொடி. 700 வாட்டில் ஒரு நிமிஷம் 45 நொடி. 1000 வாட்டில் ஒரு நிமிஷம் 10 நொடி. முட்டையும் பாலும் ஃபிரிட்ஜிலிருந்து நேராக வந்தால் 10 முதல் 15 நொடி கூட்டு.

பவரைப் பாதியாக வைத்து மெதுவாக வேகவைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். உள்ளே அலையை உண்டாக்கும் மேக்னட்ரான், 1940-ல் ஜான் ராண்டலும் ஹாரி பூட்டும் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ரேடாருக்காக உருவாக்கியதன் வழி வந்தது. சாதாரண மைக்ரோவேவில் அது முழுச் சக்தியில் ஓடும், இல்லையென்றால் நிற்கும், நடுவில் ஒன்றும் கிடையாது. பாதி பவர் என்றால் சில நொடி ஓடிச் சில நொடி ஓய்வது. சோறு சுடவைக்க அது போதும். ஒன்றரை நிமிஷ வேலையில் அந்த இடைவெளியில் பொங்கிய கேக் அமுங்கி மறுபடி எழும்ப முடியாமல் போகும். முழு பவரில் வை, முடிவில் மட்டும் கவனி.

சொன்ன நேரத்துக்கு 20 நொடி முன்பே கதவைத் திறந்து பார். ஓரம் மக்கிலிருந்து விலகத் தொடங்கி, மேலே நடுவில் ஒரு ரூபாய் காசு அளவுக்கு மட்டும் ஈரம் மினுமினுத்தால் அதுவே போதும், வெளியே எடு. நடுவில் இன்னும் குழம்பாக ஆடினால் பத்துப் பத்து நொடியாகக் கூட்டு. எடுத்தபின் இரண்டு நிமிஷம் தொடாதே, உள்ளே தங்கிய சூட்டில் அந்த ஈரமும் வெந்துவிடும். அதன்பிறகு குச்சியை அடிவரை விட்டுப் பார், மாவு ஒட்டாமல் வர வேண்டும். முட்டை சேர்ந்திருப்பதால் அடியில் மாவாக நின்றால் சாப்பிடாதே, இன்னொரு 15 நொடி வை.

மேலே உலர்ந்து வெந்த மாதிரி தெரியும்வரை உள்ளேயே விட்டால் அங்கேதான் கேக் கெடும். முட்டை வெள்ளை 60 டிகிரி தாண்டி இறுகத் தொடங்கி 80-ஐ ஒட்டிக் கெட்டியாகிவிடும். அதற்கு மேல் தரும் ஒவ்வொரு நொடியும் தண்ணீரைப் பிழிந்து ஆவியாக வெளியே தள்ளும். சூட்டில் மெத்தென்று இருப்பது ஐந்து நிமிஷத்தில் செருப்புத் தோலாக மாறும். பொன்னிறத்துக்காகவும் காத்திருக்காதே, அது வரவே வராது. ஈரம் இருக்கும்வரை மாவு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், மேல்தோல் சிவக்க அதைவிட நிறையச் சூடு வேண்டும். நிறத்தை நாட்டுச்சர்க்கரையும் பட்டைத்தூளும் கொடுக்கட்டும்.

கோக்கோ பிடித்தால் ஒரு டேபிள்ஸ்பூன் சேர்க்கலாம். அது தண்ணீரை நன்றாகக் குடிக்கும், கூடவே ஒரு டேபிள்ஸ்பூன் பாலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரையும் போட வேண்டும். சாக்லேட் துண்டு, திராட்சை, ஜாம் இவற்றை நடுவில் புதைத்தால் சுவைதான், ஆனால் சர்க்கரை நிறைந்த பகுதி சுற்றியுள்ள கேக்கைவிட ரொம்பச் சூடாகிவிடும். நாக்கு வெந்துவிடும், பொறுத்துச் சாப்பிடு.

கேக் நன்றாக எழும்பி, எடுத்ததும் நடுவில் குழிந்தால் பேக்கிங் பவுடர் அதிகம் அல்லது வேக்காடு போதவில்லை. கொஞ்சம் அடங்குவது இயல்பு, பள்ளமே விழுந்தால்தான் கவலை. முட்டை வாடை அடித்தால் முட்டை பெரிது. அங்கே 'லார்ஜ்' என்பது 63 முதல் 73 கிராம், 'மீடியம்' 53 முதல் 63. லார்ஜ்தான் இருக்கிறது என்றால் அடித்தபின் ஒரு டேபிள்ஸ்பூன் எடுத்து வைத்துவிட்டு மீதியைப் போடு.

வெள்ளிக்கிழமையில் முட்டை வேண்டாம் என்றால் அதற்குப் பதில் கெட்டித் தயிர் மூன்று டேபிள்ஸ்பூன், 'லின்சீட்' என்று அங்கே விற்கும் ஆளி விதைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன் சேர். பேக்கிங் பவுடரைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, ஒரு சிட்டிகை சோடா போடு. தயிரின் புளிப்பு சோடாவை வேலை செய்ய வைக்கும். இதற்குப் பத்து நிமிஷம் ஊற வேண்டும், அகலக் கிண்ணம் கட்டாயம், நேரம் 15 நொடி கூடுதல். உண்மையைச் சொன்னால் இது முட்டை கேக் அளவுக்குப் பஞ்சு போல வராது, வாழைப்பழ இட்லி மாதிரி கனமாக இருக்கும். எனக்கு இதுவும் பிடிக்கும்.

தோழிகளில் யாருக்காவது சீலியாக் நோய், அதாவது குளூட்டன் ஒத்துக்கொள்ளாத நோய், இருந்தால் சாதாரண ஓட்ஸில் செய்து கொடுத்துவிடாதே. வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்திருக்கும். 'குளூட்டன் ஃப்ரீ' என்று அச்சிட்ட ஓட்ஸ்தான் வேண்டும், அதிலும் சிலருக்கு ஓட்ஸே ஒத்துக்கொள்ளாது, முதலில் கேட்டுக்கொள்.

செய்தவுடன் சாப்பிட்டுவிடு, இது எடுத்து வைக்கும் பண்டம் இல்லை. மக்கில் உடனே தண்ணீர் ஊற்றி வை, முட்டை காய்ந்தால் தேய்த்துத் தேய்த்துக் கை வலிக்கும். பரீட்சை சமயத்துக்கு ஓட்ஸ் மாவு, சர்க்கரை, உப்பு, பட்டைத்தூள் மட்டும் பத்துத் தடவைக்குக் கலந்து ஒரு டப்பாவில் போட்டுக்கொள்: மாவு 400 கிராம், சர்க்கரை 20 டீஸ்பூன், பட்டைத்தூள் இரண்டரை டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன். குலுக்கி, ஒரு தடவைக்கு 50 கிராம் எடு.

உங்கள் மைக்ரோவேவின் முன்பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பு. எண்ணையும் எழுத்தையும் பார்த்துவிட்டு நொடியைச் சரியாகச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா