மழைக்கு முன் முடிக்க வேண்டிய வேலை: வீடற்ற மகளிர் காப்பகத்துக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாம் வாரத்தில் இறங்கிவிடும். அதற்குள் வட சென்னையில் உள்ள நமது வீடற்ற மகளிர் காப்பகத்தின் கழிவறை வேலை முடிந்தாக வேண்டும். லாக்கர், கட்டில், மெத்தை, இன்வெர்ட்டர் எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு 6,83,000 ரூபாய். கையிருப்பு 3,72,000. மீதி 3,11,000 ரூபாய் செப்டம்பர் 20-க்குள் சேர வேண்டும். வேலைக்கு நான்கு வாரம் பிடிக்கும், ஒரு நாள் தள்ளினாலும் ஈரத்தில் சிமெண்ட் போட வேண்டியதாகிவிடும்.

ஆதரவற்றோருக்குக் கைகொடுப்பது இந்தப் பகுதிக்குப் புதிய காரியம் அல்ல. 1782-ல் பஞ்சம் வந்தபோது மணியக்காரர் ஒருவர் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மண் இது. அதுதான் மணியக்காரர் சத்திரம். அந்தச் சத்திரத்தை ஒட்டி எழுந்த வைத்தியசாலை வளர்ந்துதான் ஸ்டான்லி மருத்துவமனை ஆனது. பலகையில் ஸ்டான்லி என்ற ஆளுநரின் பெயர் இருக்கிறது. இந்த ஊர்ப் பெரியவர்கள் வாயில் இன்னமும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி'தான். இருநூற்று நாற்பது ஆண்டு கழித்தும் ஒரு கஞ்சித் தொட்டி பெயராக நிற்கிறதென்றால், நம் முன்னோர் செய்தது சின்னக் காரியமா?

இன்று அந்தப் பொறுப்பு சட்டப்படி உள்ளாட்சியிடம் இருக்கிறது. நகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க, இரவும் பகலும் திறந்திருக்க வேண்டும் என்று 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2013-ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கி, ஆளுக்கு 50 சதுர அடி இடம் என்று அளவும் வைத்தது. 2011 கணக்கெடுப்பில் விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கு மேல். அந்தக் கணக்கில் அறுபதுக்கு மேற்பட்ட காப்பகங்கள் வேண்டும். அதே கணக்கெடுப்பு, பிப்ரவரி 28 இரவு ஒரே இரவில் எண்ணி, சென்னையில் வீடற்றோர் 16 ஆயிரத்துக்கு மேல் என்றது. ஒரே இரவு எண்ணிக்கையில் முதலில் விடுபடுவது தனியாக இருக்கும் பெண்கள். வெளிச்சமான பிளாட்பாரத்தில் ஆண்கள் படுக்கிறார்கள். பெண்கள் மருத்துவமனைத் தாழ்வாரத்திலும் கோயில் மதிலோரமும் உட்கார்ந்தபடியே விடிய வைக்கிறார்கள்.

மாநகராட்சி கட்டடம் தந்திருக்கிறது, தண்ணீர், மின்சாரம் தருகிறது. பணியாளர் சம்பளத்துக்கான மானியம் தவணையாக வருகிறது. முந்தைய தவணையை எப்படிச் செலவிட்டோம் என்று காட்டும் பயன்பாட்டுச் சான்று போன பிறகே அடுத்தது வரும். கட்டட வேலைக்கு மதிப்பீடு, ஒப்பந்தப்புள்ளி என்று முறை இருக்கிறது, அது முடியும்போது மழைக்காலம் போய்விடும். ஆகவே நன்கொடையில் செய்ய அனுமதி பெற்றிருக்கிறோம்.

இப்போது என்ன கோளாறு? சாலை போடும்போதெல்லாம் பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டதில் தெரு உயர்ந்து, கழிவறைத் தளம் தெருவைவிட முக்கால் அடி பள்ளமாகிவிட்டது. பாதாளச் சாக்கடை நிரம்பும் நாளில் வெளியே போக வேண்டியது உள்ளே திரும்புகிறது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வு மட்டும் வைத்தால் போதாதா என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. வால்வு மூடியிருக்கும் நேரத்தில் உள்ளே இருப்பதும் வெளியே போக முடியாது. தலைமுடியும் துணியும் சிக்கினால் அதன் நாக்குத் தகடு மூடவும் மறுக்கும். ஆகவே தளத்தை ஓர் அடி உயர்த்தி, கை விட்டுச் சுத்தம் செய்யும்படி மூடி வைத்த புதுத் தொட்டிக்குள் வால்வைப் பொருத்துகிறோம். ஐந்து கழிவறைகளில் இரண்டை, முட்டி மடக்க முடியாத மூதாட்டிகளுக்காகக் கைப்பிடிக் கம்பியோடு வெஸ்டர்னாக மாற்றுகிறோம். தரைக்கு வழுக்காத ஓடு. முதலில் மூன்று, பிறகு இரண்டு என்று பிரித்துச் செய்வதால் யாரையும் வெளியே அனுப்ப வேண்டியதில்லை. இவ்வளவுக்கும் 2,85,000 ரூபாய்.

அடுத்து லாக்கர், 1,08,000 ரூபாய். மெத்தைக்குக் கொடுப்பவர்கள் லாக்கருக்குக் கொடுக்கத் தயங்குகிறார்கள். தெருவில் இருக்கும் ஒரு பெண்ணின் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள்: ரேஷன் அட்டை நகல், மருந்துச் சீட்டு, மகனின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, ஓர் அலுமினியக் குண்டான், மாற்றுப் புடவை. அந்த மூட்டையை விட்டுவிட்டு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் மறுநாள் விடிவதற்குள் அவர் பழைய இடத்துக்கே போய்விடுவார். மூட்டையைப் பூட்டி, சாவியை அவர் கையில் கொடுத்தால்தான் கண்ணயர்வார். அலுவலகத்தில் வைக்கும் 12 கதவு லாக்கரில் மூட்டை நுழையாது. ஆறு கதவு உள்ளது ஒன்பது வாங்க வேண்டும், ஒன்று 12,000.

இரும்புக் கட்டில் 30, ஒன்று 4,500 வீதம் 1,35,000. மரக்கட்டில் தர முன்வந்தவர்கள் மன்னிக்கவும். மூட்டைப்பூச்சி மர இடுக்கில் புகுந்தால் எந்த மருந்துக்கும் அசையாது. அடுக்குக் கட்டிலும் வேண்டாம், வயதானவர்களால் ஏற முடியாது. ரெக்சின் உறை போட்ட மெத்தை 50, ஒன்று 2,200 வீதம் 1,10,000. பஞ்சு மெத்தை ஒருமுறை நனைந்தால் பிறகு அந்த நாற்றம் போவதே இல்லை. மின்தடை இரவுகளுக்கு இன்வெர்ட்டரும் பேட்டரியும் 45,000.

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது! பென்ஷன் வந்த அன்றே பங்கைத் தனியாக எடுத்து வைத்த ஓய்வூதியர்கள், சீட்டுப் பணத்திலிருந்து கொடுத்த பூக்காரம்மாக்கள், உண்டியலை உடைக்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்த பிள்ளைகள், 'ரசீதில் பெயர் வேண்டாம், என் தாயார் நினைவாக என்று மட்டும் எழுதுங்கள்' என்றவர்கள், கூலியில் பாதியை விட்டுக்கொடுத்த கொத்தனார்கள். 3,72,000 ரூபாயில் பெரும்பகுதி ஐந்நூறும் ஆயிரமுமாகச் சேர்ந்தது. அந்தக் கைகள் நலமாயிருக்க வேண்டும், இறைவன் அருள வேண்டும்.

ஒன்றை மட்டும் மனம் நோகாமல் கேளுங்கள். ஆடி மாதம் நம் தெருக்களில் கூழ் ஊற்ற எத்தனை பந்தல்! பந்தலைப் பிரித்த இரவு அதே இடத்தில் ஒரு மூதாட்டி சாக்கு விரித்துப் படுக்கிறார். அதைத் தாண்டித்தான் நாம் எல்லோரும் வீட்டுக்குப் போகிறோம். பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலம் அனுப்புவதும் நல்ல மனசுதான். ஆனால் ஒரே இரவில் 200 பொட்டலம் வந்தால் பாதி ஊசிப்போகிறது. அந்தப் பணத்தை இந்த வேலைக்குத் தாருங்கள். 6,700 ரூபாய் தந்தால் ஒரு பெண்ணுக்குக் கட்டிலும் மெத்தையும் ஆகிவிடும்.

கிழிந்த துணி வேண்டாம். காசோலையும் வங்கிப் பரிமாற்றமும் நல்லது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகை கிடைக்காது. காப்பக அலுவலகத்தில் காலை 9 முதல் இரவு 8 வரை ரசீது போடப்படும். வரவும் செலவுச் சீட்டுகளும் ஒவ்வொரு சனிக்கிழமையும் வாசல் பலகையில் ஒட்டப்படும். வாக்குக் கொடுத்து இன்னும் அனுப்பாதவர்கள் இந்த வாரமே அனுப்பிவிடுங்கள். குழாய்க்கு முன்பணம் திங்கட்கிழமை கொடுக்க வேண்டும்.

இவண்,
காப்பக நிர்வாகக் குழு